தூய்மை அறைக்குள் யார் நுழைவது? செல் சிகிச்சைத் தொழிலும் நம் பிள்ளைகளின் பயிற்சி உரிமையும்

ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உப்பங்கழி. இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் இங்கு வந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. தெற்கே காமராசர் துறைமுகமும் வடசென்னை அனல் மின் நிலையமும் உள்ளன. மேற்கே மீஞ்சூரும் பொன்னேரியும். அவற்றுக்கும் அப்பால் வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாகத் தொழிற்சாலைகள் அமைந்த பகுதிகள் சிலவே.

இந்த ஆலைகளின் வாயிலில் நின்று பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். கடலையும் கரையையும் இழந்த மீனவக் கிராமங்கள் நிரந்தர வேலை கேட்டுத் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருந்தது. திருவள்ளூர் மாவட்ட மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இதே மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். சேரிகளிலிருந்து ஆலைக்குப் போகிறவர்களுக்கும் வேலை உண்டுதான். ஏற்றுவது, இறக்குவது, கூட்டுவது, கழுவுவது என்று அது ஒப்பந்தக்காரரின் பட்டியலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஆலை வந்த பிறகு வேலை கேட்டால் எஞ்சியதே கிடைக்கும். வேலைக்கான தகுதியும் பயிற்சியின் விதிகளும் எழுதப்படும்போதே கேட்க வேண்டும். காட்டுப்பள்ளி நமக்குக் கற்றுத் தந்த பாடம் இது. அந்தப் பாடத்தோடு, துறைமுகமும் உருக்காலையும் அனல் மின்சாரமும் மட்டுமே அறிந்த இப்பகுதிக்கு அயலாகத் தோன்றும் ஒரு தொழிலைப் பார்ப்போம். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த உயிருள்ள செல்லையே மருந்தாக மாற்றும் செல் சிகிச்சைத் தொழில் அது. இந்தியாவில் அது இப்போதுதான் வேர்விடுகிறது. அதற்கான தொழிலாளர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஒரு நோயாளிக்கு ஒரு மருந்து

வழக்கமான மாத்திரை ஆலையில் ஒரே தொகுப்பில் லட்சக்கணக்கான மாத்திரைகள் வெளிவரும். செல் சிகிச்சையில் ஒரு தொகுப்பு என்பது ஒரே ஒரு மனிதருக்கான மருந்து. ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. நோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. நோய் உண்டாக்காதபடி மாற்றியமைத்த ஒரு வைரஸின் வழியாக அவற்றுக்குள் புதிய மரபணு செலுத்தப்படுகிறது. புற்றுநோய்ச் செல்லின் மேலுள்ள ஓர் அடையாளத்தைக் கண்டறிந்து தாக்கும் திறனை அந்த மரபணு தருகிறது. பிறகு 37 டிகிரி வெப்பத்தில், 5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றில், பல நாட்கள் அவை வளர்க்கப்படுகின்றன. போதிய எண்ணிக்கைக்குப் பெருகியதும் கழுவி, சோதித்து, தேவையானால் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் உறையவைத்து, மீண்டும் அதே நோயாளியின் ரத்தத்தில் செலுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய முதல் மருந்துக்கு 2017 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. அதன் விலை 4,75,000 டாலர். இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 என்னும் மருந்துக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. இம்யூனோஆக்ட் நிறுவனம் அதை நவி மும்பையில் தயாரிக்கிறது. அதன் விலை அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. ஆயினும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கூலித் தொழிலாளி ஒருவர் கடக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் இத்துறையின் முதன்மையான களம் வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1980களிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியது. பின்னர் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் துணையோடு தண்டுயிரணு ஆய்வு மையம் அங்கு எழுந்தது. ஹீமோஃபிலியா நோய்க்கான மரபணு சிகிச்சை ஆய்வின் முடிவுகளை 2024 டிசம்பரில் அங்குள்ள மருத்துவர்கள் வெளியிட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன், கார்-டி செல்களை வெளியிலுள்ள ஆலைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்குள்ளேயே தயாரித்துப் பார்க்கும் ஆய்வும் வேலூரில் நடந்தது. தானியங்கி மூடிய கருவியில் சுமார் ஒன்பது நாட்களில் செல்கள் தயாராயின. செலவும் பெருமளவு குறைந்தது. மருத்துவ முன்னேற்றம் என்ற அளவில் இது செய்தியானது. நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. மருந்துத் தயாரிப்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை பரவுமானால், அதற்கான கைகளும் ஊருக்கு ஊர் தேவைப்படும்.

யாருடைய கைகள்?

செல் சிகிச்சை என்றதும் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளே நினைவுக்கு வருகிறார்கள். மருந்தை வடிவமைப்பது அவர்கள்தாம். வடிவமைத்த மருந்தை நாள்தோறும் பிழையின்றிச் செய்து முடிப்பவர்கள் வேறு: தொழில்நுட்பப் பணியாளர்கள். அவர்களின் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் எந்தப் படிப்பு எதற்குப் போதும் என்பது விளங்கும்.

செல்களைக் கையாளும் இயக்குநருக்கு நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற பாடங்களில் இளநிலைப் பட்டமும் நல்ல கைப்பயிற்சியும் போதும். தரப் பரிசோதனைக் கூடத்தில் மருத்துவ ஆய்வகப் பட்டயம் படித்தவர்கள் பழகிக்கொள்ளக்கூடிய வேலைகள் உள்ளன: செல்களை எண்ணுவது, உயிருள்ளவற்றையும் இறந்தவற்றையும் பிரித்தறிவது, கிருமி உள்ளதா என்று சோதிப்பது. காற்றைச் சீராக வைத்திருப்பது இன்னொரு பெரிய வேலை. நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டிகளையும், அறைக்கு அறை மாறும் காற்றழுத்தத்தையும் கண்காணிக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதன மெக்கானிக் பிரிவோ கருவி மெக்கானிக் பிரிவோ படித்தவர், கூடுதல் பயிற்சியுடன் இதைச் செய்யலாம். திரவ நைட்ரஜன் கலன்களைக் கையாளுவோர், பொருட்களைச் சரிபார்த்து வாங்கி வைப்போர், ஆவணங்களைக் காப்போர் ஆகியோரும் வேண்டும்.

இறுதியாக, துப்புரவு. செல் தயாரிக்கும் அறையில் தரை துடைப்பது சாதாரண வேலையன்று. எந்தக் கிருமிநாசினியை எந்த நாளில் பயன்படுத்துவது, அது பரப்பில் எத்தனை நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும், துடைப்பானை எந்தத் திசையில் இழுப்பது, கூரையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து தரைக்கும் எந்த வரிசையில் வருவது என்பதற்கெல்லாம் எழுதப்பட்ட நடைமுறை உண்டு. துடைப்பவரும் மற்றவர்களைப் போலவே முழு உடை அணிந்து, தேர்வு பெற்று, ஒவ்வொரு படியையும் கையெழுத்திட்டுப் பதிய வேண்டும். அவர் ஒரு மூலையைத் தவறவிட்டால் ஒரு நோயாளியின் மருந்து முழுவதும் கெட்டுப்போகலாம். பலருக்கு அந்த மருந்தை இரண்டாம் முறை செய்ய உடலும் இடம் கொடுக்காது, காலமும் இருக்காது.

இந்தியாவில் துப்புரவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நிர்வாகங்கள் ஒப்பந்தக்காரரை அழைப்பதும், ஒப்பந்தக்காரர் நமது தெருக்களுக்கு வருவதும் நாம் அறிந்த வழக்கம். செல் ஆலையிலும் இந்த வழக்கம் நுழைந்தால், மிக நுட்பமான வேலை ஒன்றை நம் மக்கள் மிகக் குறைந்த கூலிக்கும் பெயரில்லாத பதவிக்கும் செய்வார்கள். அதே அறையில் அதே உடையில் நிற்கும் இன்னொருவர் தொழில்நுட்பர் என்று அழைக்கப்படுவார். சாதி வேலைகளைப் பகுப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்வோரையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் காட்டினார். அவ்வடுக்கு மிகப் புதிய தொழிலிலும் ஓசையின்றி ஏறி உட்கார்ந்துவிடும்.

இரண்டு தூய்மைகள்

இத்தொழிலின் அடிப்படைச் சொல்லே தூய்மை என்பதால் இதைச் சற்று நின்று பார்க்கலாம். கிளீன் ரூம் என்று தொழிலில் வழங்கும் தூய்மை அறையில், செல்கள் திறந்த நிலையில் கையாளப்படும் இடத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் அளவும் அதற்கு மேலுமுள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. அதை எண்ணுவது கருவி. அந்த அறையில் மிகப் பெரிய மாசு மனித உடல்தான். யாராக இருந்தாலும் தோலிலிருந்து நுண்செதில்கள் உதிர்கின்றன. மூச்சிலும் முடியிலும் கிருமிகள் உள்ளன. எனவே எல்லோரும் ஒரே முறையில் கை கழுவி, ஒரே வகை உடையால் தலை முதல் கால் வரை மூடிக்கொள்ள வேண்டும். மோதிரம், கடிகாரம், பொட்டு, திருநீறு, மணிக்கட்டுக் கயிறு எதுவும் உள்ளே வரக் கூடாது. மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைக்க நேர்ந்த மாநிலம் இது. தூய்மை அறையின் வாசலில் அந்தக் கயிறு வெறும் மாசு.

சாதி சொல்லும் தூய்மை பிறப்பில் தொடங்கி எதனாலும் மாறாதது. அறிவியலின் தூய்மை எவரும் கற்றுக்கொள்ளக்கூடியது, அளக்கக்கூடியது, தவறினால் மீண்டும் முயன்று தேறக்கூடியது. இந்த வேலைக்கு வேண்டிய ஒழுங்கு சில குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் இயல்பாக வரும் என்று எவரேனும் சொன்னால், அவர் பேசுவது அறிவியல் அன்று.

வாசல் எங்கே மூடப்படுகிறது?

தடைகள் வெளிப்படையாக இருப்பதில்லை. முதல் தடை கல்வித் தகுதி. பட்டயமோ இளநிலைப் பட்டமோ போதுமான பணிக்கு முதுநிலைப் பட்டமும் முன் அனுபவமும் கேட்டால், தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட முடிந்தவர்களே வரிசையில் நிற்பார்கள். இரண்டாவது, அனுபவம் என்னும் சுழல். தூய்மை அறையில் வேலை செய்தவர்க்கே வேலை என்றால், முதல் முறை உள்ளே போவது எப்படி? வீட்டிலோ சாதாரணக் கல்லூரி ஆய்வகத்திலோ இதைப் பழக முடியாது. கட்டணம் வாங்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் அந்த இடைவெளியில் முளைக்கின்றன. மூன்றாவது தடை ஆங்கிலம். தயாரிப்பின் ஒவ்வொரு படியும் ஆங்கில ஆவணத்தில் பதியப்படுகிறது. அந்த ஆவணத்தைப் படித்து நிரப்பத் தெரிவது வேறு, நேர்காணலில் சரளமாகப் பேசுவது வேறு. முதலாவதைச் சில மாதங்களில் கற்பிக்கலாம். நிறுவனங்கள் சோதிப்பதோ பெரும்பாலும் இரண்டாவதை.

நான்காவது தடைதான் கடினமானது. ஒரே ஒரு பிழை ஒருவரின் உயிரோடு விளையாடும் என்பதால், நம்பிக்கையானவர்களை மட்டும் எடுப்போம் என்ற மனநிலை இத்துறையில் எளிதில் உருவாகும். நம்பிக்கை என்பது தெரிந்தவரின் பரிந்துரையாகவும், பரிந்துரை என்பது சாதி வலைப்பின்னலாகவும் மாறுவதற்கு அதிக நேரம் ஆகாது. இது வெறும் ஐயம் அன்று. சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெருநிறுவன மேலாளர்களிடம் பேசி எழுதிய ஆய்வு, தகுதியையே பார்க்கிறோம் என்று சொல்பவர்கள் விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியையும் விசாரிப்பதை வெளிக்கொணர்ந்தது.

சட்டத்தில் ஏற்கெனவே உள்ள பிடி

தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்று நாம் எப்போதும் சொல்லி வருகிறோம். வேலையைப் பொறுத்தவரை அது உண்மை. பயிற்சியைப் பொறுத்தவரை முழு உண்மையன்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் 3-ஏ பிரிவு, ஒவ்வொரு நியமிக்கப்பட்ட தொழிலிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலை அளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது. மாநிலத்தில் அம்மக்களின் தொகையைக் கருதி அந்த அளவு வகுக்கப்படுகிறது. தனியார் நிறுவனங்களும் இதற்கு உட்பட்டவையே. 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், தமது பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. ஒப்பந்தப் பணியாளர்களும் இந்த எண்ணிக்கையில் சேர்வர்.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. 2014இல் செய்யப்பட்ட திருத்தம், நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் விருப்பத் தொழில் என்ற புதிய வகையைச் சேர்த்தது. இடஒதுக்கீட்டுப் பிரிவோ நியமிக்கப்பட்ட தொழிலைப் பற்றியே பேசுகிறது. செல் தயாரிப்பு போன்ற புதிய வேலைகள் விருப்பத் தொழிலாக வகைப்படுத்தப்பட்டால், ஒதுக்கீடு நழுவிவிடும் அபாயம் உண்டு. எனவே இப்பணிகளை நியமிக்கப்பட்ட தொழிலாக அறிவிக்கச் செய்வது சட்ட நுணுக்கமாகத் தோன்றினாலும் நமக்கு முதன்மையான கோரிக்கை.

இக்கோரிக்கைக்கு நீண்ட மரபும் உண்டு. 1942 அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு விண்ணப்பம் அளித்தார். சட்டமன்ற இடங்களும் அரசுப் பதவிகளும் மட்டும் அதில் இல்லை. அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைப் பழகுநர்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டார். அன்றைய முன்னணித் தொழில்நுட்பம் அச்சும் ரயிலும். அவற்றின் பணிமனை வாசலை அவர் தட்டினார். இன்று நாம் தட்ட வேண்டிய வாசல்களில் ஒன்று தூய்மை அறையினுடையது.

பொது உற்பத்தி என்ற வழி

பயிற்சி முடிந்ததும் வேலை எங்கே என்ற கேள்வி எழும். இங்குதான் வேலூர் முறை முக்கியமாகிறது. மருத்துவமனைக்குள்ளேயே மருந்து தயாரிக்க முடியும் என்றால், அரசு மருத்துவமனைகளும் அதைச் செய்ய முடியும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையையும் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனையையும் போன்ற இடங்களில் இத்தகைய பிரிவுகள் அமைந்தால், தொழில்நுட்பர் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்பும். அங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மருந்தின் விலையும் காப்பீட்டுக்குள் வரும் தொலைவுக்கு நெருங்கலாம். நோயாளியாகவும் பணியாளராகவும் நம் மக்கள் பயன்பெறும் வழி இது ஒன்றே.

இதற்கு எதிரான எச்சரிக்கையும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம் ஆகியவற்றின் உற்பத்தி உரிமங்கள் 2008 ஜனவரியில் நிறுத்தப்பட்டன. நல்ல உற்பத்தி நடைமுறைக்கு அவை ஏற்றவையல்ல என்பது காரணம். தரம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அத்தரத்தை எட்டுவதற்கான கட்டடமும் கருவியும் பயிற்சியும் காலத்தே தரப்பட்டனவா என்பதே கேள்வி. 2010இல் உரிமங்கள் மீண்டன. இடஒதுக்கீடு உள்ள அரசு நிறுவனங்கள் நின்ற இடைவெளியில் தனியார் நிறுவனங்களைச் சார்ந்திருக்கும் நிலை வலுத்தது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகமோ ஆண்டுக்கணக்கில் உற்பத்தியின்றிக் கிடந்தது. கட்டடம் மட்டும் போதாது என்பதற்கு அது சான்று.

பயிற்சியை எங்கே, எப்படித் தொடங்குவது?

இத்தொழிலுக்கான பயிற்சியில் பலர் அறியாத ஓர் உண்மை உண்டு. கற்றுக்கொள்ள நோயாளியின் செல்லோ, விலையுயர்ந்த வைரஸோ தேவையில்லை. கிருமியற்ற முறையில் வேலை செய்யத் தெரியுமா என்பதைச் சோதிக்க, மருந்துக்குப் பதிலாகச் சத்துக் குழம்பு ஒன்றைக் கொண்டு எல்லாப் படிகளையும் செய்யச் சொல்வார்கள். பிறகு அதைச் சில நாட்கள் வெதுவெதுப்பில் வைப்பார்கள். குழம்பு தெளிவாக இருந்தால் தேர்ச்சி. கலங்கினால் எங்கோ கிருமி புகுந்திருக்கிறது. உடை அணிவதையும் இப்படியே சோதிப்பார்கள். உடையின் பல இடங்களிலும் கையுறையிலும் ஊடகத் தட்டை ஒற்றி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். பொதுவாகத் தொடர்ந்து மூன்று முறை தேறியவரே தகுதி பெற்றவர்.

ஆகவே, மருந்து தயாரிக்கும் உரிமம் இல்லாத ஓர் அரசுக் கல்லூரியிலும் பயிற்சிக்கான மாதிரித் தூய்மை அறையை அமைக்கலாம். உடை மாற்றும் அறை, வடிகட்டிய காற்று, கிருமித் தடுப்புப் பணிமேடை, வெப்பப் பெட்டி, நுண்ணோக்கி ஆகியவை இருந்தால் அடிப்படைப் பயிற்சி நடக்கும். பொன்னேரி அரசு கல்லூரியும் அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் போன்றவை இதற்குப் பொருத்தமான இடங்கள். நான் முதல்வன் திட்டமும் தாட்கோவின் திறன் பயிற்சிகளும் இருக்கின்றன. தையல், கணினி, ஓட்டுநர் பயிற்சி என்று பழகிய பட்டியலில் இதுவும் சேர வேண்டும்.

பிற நாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. பிரிட்டனில் செல், மரபணு சிகிச்சைத் துறைக்கென்றே 2018இல் ஒரு பழகுநர் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கு பெரிய நிறுவனங்கள் தமது ஊதியச் செலவில் 0.5 விழுக்காட்டைப் பழகுநர் பயிற்சிக்காகக் கட்டாய வரியாகச் செலுத்துகின்றன. பழகுநர் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கிறார். கார்-டி சிகிச்சை பிறந்த பிலடெல்பியாவில், விஸ்டார் ஆய்வு நிறுவனம் நகரின் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி மாணவர்களை 2000ஆம் ஆண்டு முதல் ஆய்வகத் தொழில்நுட்பர்களாகப் பயிற்றி வருகிறது. முதுநிலைப் பட்டம் இல்லாதவர் இந்த அறைக்குள் நுழைய முடியாது என்பது இயற்கை விதியன்று. ஒரு நிர்வாக முடிவே அது.

ஓர் உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் தொழில் இதுவன்று. செல் தயாரிப்புப் பிரிவு ஒன்றில் பணிபுரிவோர் சில பத்துப் பேராகவே இருக்கலாம். தானியங்கிக் கருவிகள் பெருகினால் எண்ணிக்கை இன்னும் குறையும். பிறகு ஏன் இவ்வளவு பேச வேண்டும்? இங்கே கற்கும் கிருமியற்ற தயாரிப்பு முறை தடுப்பூசி, ஊசி மருந்து, உயிரி மருந்து ஆலைகள் அனைத்துக்கும் பொதுவானது. ஒரு முறை கற்றவர் அத்தனை வாசல்களையும் தட்டலாம். அதோடு, மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த பயோஇ3 கொள்கை, உயிரித் தொழில்நுட்பத்தின் வழியாக வேலைவாய்ப்பு என்பதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. துல்லிய உயிரி மருந்துகள் அதன் முதன்மைத் துறைகளில் ஒன்று. பொது நிதி செல்லும் இடத்தில் சமூக நீதி கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

செல் தயாரிப்புப் பணிகள் தொழிற்பழகுநர் சட்டத்தில் நியமிக்கப்பட்ட தொழிலாக அறிவிக்கப்பட வேண்டும். ஒதுக்கீடு எந்த வகைத் தொழிலிலும் நழுவாதபடி 3-ஏ பிரிவு திருத்தப்பட வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் உண்மையில் தேவையான குறைந்தபட்சத் தகுதி என்ன என்பது தமிழில் வெளியிடப்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தயாரிப்புப் பிரிவுகளும் நிரந்தரப் பணியிடங்களும் உருவாக்கப்பட வேண்டும். தூய்மை அறைத் துப்புரவு தொழில்நுட்பப் பணியாக வகைப்படுத்தப்பட்டு, அதிலிருந்து இயக்குநர் பதவிக்கு உயரும் வழி எழுதப்பட வேண்டும். செல்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வளர்வதில்லை. எனவே இரவுப் பணிக்கு வரும் பெண்களுக்குப் போக்குவரத்தும் தங்குமிடமும் உறுதி செய்யப்பட வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வேண்டும். கூலியை விட்டுவிட்டு ஆறு மாதம் இலவசமாகக் கற்க நம் வீடுகளில் யாராலும் முடியாது.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. கும்மிடிப்பூண்டி, காட்டுப்பள்ளி பகுதி நிறுவனங்களில் எத்தனை பழகுநர்கள் உள்ளனர், அவர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம். வரும் பதில் நமக்குப் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. அது எழுத்தில் இருக்க வேண்டும். துறைமுகம் வந்தபோது நம்மிடம் வாய்மொழி உறுதிகளே மிகுதியாக இருந்தன. அடுத்த தொழில் வரும்போது நம் கையில் ஆவணம் இருக்கட்டும்.